விலை உயர்ந்த ஃபஸ் பெடல் வாங்கலாமா? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: நண்பர்களுடன் சேர்ந்து வார இறுதிகளில் வாடகைப் பயிற்சி அறையில் ராக் இசை வாசித்து வருகிறேன். என்னிடம் இருப்பது சுமார் 3,000 ரூபாய்க்கு வாங்கிய, பிளாஸ்டிக் உடல் கொண்ட ஃபஸ் பெடல்; கிட்டாரின் ஒலியைக் கரகரப்பாக்கக் காலால் மிதித்து இயக்கும் சிறு பெட்டி. கடையில் 10,000 ரூபாய் அளவில் ஒன்றும், இணையத்தில் 30,000 ரூபாயைத் தாண்டிய கைவேலைப் பெடல் ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன். காணொளிகளில் கேட்டால் மூன்றுக்கும் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. எங்கள் குழுவில் உள்ள நண்பரோ, விலைக்கு ஏற்றதுதான் ஒலி என்று அடித்துச் சொல்கிறார். கூடுதல் பணம் கொடுப்பது நியாயந்தானா?
— வாசகர், பெரம்பூர்

பதில்: உங்கள் நண்பரின் கூற்று ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் பெருமளவு பொருந்தும், கிட்டாருக்கு ஓரளவு பொருந்தும், ஃபஸ் பெடலுக்கு மிகக் குறைவாகவே பொருந்தும். 10,000 ரூபாய்ப் பெடலுக்கு மாறுவதில் நியாயம் உண்டு, ஆனால் அந்த நியாயம் ஒலியைச் சார்ந்ததன்று. 30,000 ரூபாய்ப் பெடலை உங்கள் தற்போதைய நிலையில் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஃபஸ் பெடல் செய்யும் வேலை எளியது. கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் கிட்டாரின் பிக்கப்பிலிருந்து வரும் மிகச் சிறிய மின்சமிக்ஞையை டிரான்சிஸ்டர்கள் பல மடங்கு பெருக்குகின்றன. 9 வோல்ட் பேட்டரி இடந்தரும் எல்லையைத் தாண்டி அது வளர முடியாததால், அலையின் முகடும் பள்ளமும் வெட்டுப்பட்டு, நெளிந்து வந்த அலை ஏறத்தாழச் சதுர அலையாகி வெளியேறுகிறது. சதுர அலையில் மூல சுரத்தின் அதிர்வெண்ணோடு அதன் 3, 5, 7 மடங்கு அதிர்வெண்களும் சேர்ந்தே ஒலிக்கும். நாம் விரும்பும் முரட்டுத்தனமும், சுரம் தேயாமல் நீண்டு நிற்கும் தன்மையும் இந்த வெட்டிலிருந்து பிறப்பவையே. பாட்டுக் கேட்கும் ஸ்டீரியோவில் விலை கூடக்கூட உருச்சிதைவு குறைய வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அதற்கென்றே துல்லியமான உறுப்புகளுக்குப் பணம் கொடுக்கிறோம். இங்கே உருச்சிதைவுதான் சரக்கே. 1 சதவீதத் துல்லியமுள்ள மின்தடைக்குப் பதிலாக 5 சதவீதத் துல்லியமுள்ளதை இட்டால் ஒலி மட்டமாகிவிடுவதில்லை. மிஞ்சிப்போனால் சற்றே மாறும், அந்த மாற்றம் சிலருக்குப் பிடிக்கவும் செய்யும்.

இக்கருவியின் பிறப்பும் ஒரு பழுதிலிருந்து நிகழ்ந்ததுதான். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் நடந்த ஒரு பாடல் பதிவில், ஒலிக்கலப்பு மேசையின் ஒரு பகுதி கெட்டுப்போய், பேஸ் கிட்டாரின் இசை கரகரவென்று பதிவாயிற்று. அதை நீக்காமல் அப்படியே வெளியிட்டார்கள். அந்தப் பதிவில் பணியாற்றிய ஒலிப்பொறியாளர் கிளென் ஸ்னாடி, அதே பழுதை டிரான்சிஸ்டர்களைக் கொண்டு வேண்டும்போது உண்டாக்கும் சுற்று ஒன்றை உருவாக்கினார். 1962-இல் கிப்சன் நிறுவனம் அதை மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1966-இல் லண்டனின் ஆர்பிட்டர் நிறுவனம் வெளியிட்ட, ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் காலடியில் இருந்து புகழ்பெற்ற ஃபஸ் ஃபேஸ் பெடலைத் திறந்து பார்த்தால், 2 டிரான்சிஸ்டர்கள், 4 மின்தடைகள், 3 மின்தேக்கிகள், 2 குமிழ்கள் என்று மொத்தம் 11 உறுப்புகளே இருக்கும். அதன்பின் நியூயார்க்கின் எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் கொண்டுவந்த பிக் மஃப் பெடலில் 4 டிரான்சிஸ்டர்களும், அலையை வெட்டுவதற்கென்று டயோடுகளும் உண்டு. இன்று விற்கும் ஃபஸ் பெடல்களில் பெரும்பாலானவை இப்படி விரல்விட்டு எண்ணத்தக்க சில பழைய சுற்றுகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே. அந்தச் சுற்றுகள் மறைபொருள் அல்ல. படித்தறிந்து யாரும் அமைக்கலாம்.

அப்படியானால் 27,000 ரூபாய் வேறுபாடு எங்கே போகிறது? ஒரு பகுதி வார்ப்பு அலுமினியப் பெட்டிக்கும், மிதித்தால் தாங்கும் கால்விசைக்கும், பெட்டியோடு திருகிப் பொருத்திய ஜாக்குகளுக்கும் போகிறது. பெரும்பகுதி, அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ ஒருவர் அமர்ந்து சாலிடர் வைக்கும் நேரத்துக்கான கூலி. சிறு எண்ணிக்கையில் செய்வதால் அது ஒவ்வொரு பெடலின் மீதும் கனமாக ஏறுகிறது. பிறகு கப்பல் அல்லது விமானக் கட்டணம், சுங்க வரி, அந்தச் சுங்கத்தையும் சேர்த்த தொகையின் மீது ஜி.எஸ்.டி., கடைக்காரரின் பங்கு. எஞ்சுவது பெயருக்கும் அரிய தன்மைக்குமான விலை. இவற்றில் எதையும் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. கைவேலைக்குக் கூலி கொடுப்பது நேர்மையான செலவுதான். அந்தக் கூலி ஆம்ப்ளிஃபயரின் வழியே காதுக்கு வந்து சேருமா என்பது மட்டுமே இங்கே கேள்வி.

மலிவான பெடல் என்பதாலேயே உள்ளிருக்கும் சுற்றும் மட்டம் என்று நினைக்க வேண்டியதில்லை. பெரிஞ்சர் நிறுவனத்தின் எஸ்.எஃப். 300 இதற்கு நல்ல சான்று: உடல் முழுவதும் பிளாஸ்டிக், உள்ளே இருப்பதோ, பாஸ் நிறுவனம் 1990களில் விற்றுப் பின் நிறுத்திவிட்ட எஃப்.இசட். 2 பெடலை ஒட்டிய சுற்று. அந்தப் பழைய பாஸ் பெடலைத் தேடிப்பிடித்து வாங்குவோர் அதற்குப் பன்மடங்கு விலை கொடுக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இரண்டையும் பிரித்தறிவது எளிதன்று.

எனவே உங்கள் 3,000 ரூபாய்ப் பெடலின் ஒலி உங்களுக்குப் பிடித்திருந்தால், அந்த ஒலிக்காக அதை மாற்றத் தேவையில்லை. வாரந்தோறும் பையில் போட்டு, இருசக்கர வாகனத்தில் கட்டி, பயிற்சி அறையின் தரையில் வைத்து மிதிக்கிறீர்கள் என்பதால்தான் 10,000 ரூபாய்ப் பெடலை நியாயமானது என்றேன். பிளாஸ்டிக் உடலும், நேரடியாக சர்க்யூட் போர்டில் சாலிடர் வைத்த ஜாக்கும் இந்த வாழ்க்கைக்கு ஏற்றவை அல்ல. கேபிளை யாராவது காலால் இடறினால் அந்த விசை முழுவதும் சாலிடர் முனையில் இறங்கும். உலோகப் பெட்டி கொண்ட, பெயர் பெற்ற நிறுவனத்தின் பெடலை இரண்டு ஆண்டுகள் கழித்து விற்றாலும் போட்ட பணத்தில் கணிசமான பகுதி திரும்பும். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு ஆயிரத்துக்கும் கேட்கத்தக்க பயன் சுருங்கிக்கொண்டே போகிறது. உங்களிடம் 30,000 ரூபாய் உண்மையாகவே இருந்தால், 10,000-ஐப் பெடலுக்கும் மீதியை ஆம்ப்ளிஃபயருக்கும் ஒதுக்குங்கள். பெடல் வெட்டி அனுப்பும் சதுர அலையின் கூர்மையை எவ்வளவு குறைப்பது, எவ்வளவு விடுவது என்று இறுதியில் முடிவு செய்வது ஸ்பீக்கர்தான்.

கடையில் ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். சற்று உரத்து ஒலிப்பதை நம் காது சிறந்தது என்று எடுத்துக்கொள்ளும். இரண்டு பெடல்களின் வால்யூமையும் சமமாக வைத்து, எது இயங்குகிறது என்று உங்களுக்குத் தெரியாதபடி நண்பரை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். அப்போதும் விலை உயர்ந்ததையே மீண்டும் மீண்டும் நீங்கள் தேர்ந்தெடுத்தால், என் பதிலைப் பொருட்படுத்தாமல் அதை வாங்கிவிடலாம்.

கேள்வி: ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் உள்ள ஃபஸ் பெடல்தான் உண்மையான ஒலியைத் தரும், சிலிக்கான் வெறும் இரைச்சல் என்று படித்தேன். அதனால்தான் அதன் விலை இரு மடங்கு என்கிறார்கள். வாங்கலாமா?
— வாசகர், வேளச்சேரி

பதில்: விலை உயர்வுக்கு ஒலி சார்ந்த காரணம் உண்டு என்று ஒப்புக்கொள்ளத்தக்க இடம் இது ஒன்றுதான், ஆனால் சென்னையில் வசிப்பவர் மிகவும் யோசிக்க வேண்டிய இடமும் இதுவே.

ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் 1960களின் சரக்கு. தொழிற்சாலைகள் சிலிக்கானுக்கு மாறிய பிறகு அவற்றின் உற்பத்தி மிகவும் அருகிவிட்டது. இன்று பெடல் செய்வோர் பெரும்பாலும் பழைய கையிருப்பைத் தேடித்தான் வாங்குகிறார்கள். அந்தக் கையிருப்பிலும் ஒன்றைப்போல் மற்றொன்று இருப்பதில்லை. ஃபஸ் ஃபேஸ் வகைச் சுற்றில் முதல் டிரான்சிஸ்டரின் பெருக்கம் 80-ஐ ஒட்டியும், இரண்டாவதன் பெருக்கம் 120-ஐ ஒட்டியும் அமைந்தால் ஒலி நன்றாக இருக்கும் என்பது பெடல் செய்வோரிடையே பரவலான கணக்கு. ஒரு கைப்பிடி டிரான்சிஸ்டர்களை அளந்து பார்த்தால் இந்த அளவில் அமைபவை சிலவே. போதாக்குறைக்கு, ஜெர்மானியத்தில் சமிக்ஞை எதுவும் இல்லாதபோதும் ஒரு கசிவு மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். சாதாரண மல்டிமீட்டர் அந்தக் கசிவையும் பெருக்கமாகக் கணக்கிட்டுப் பொய்யான எண்ணைக் காட்டும். கசிவைத் தனியே அளந்து கழித்து, இணை சேர்த்து, பொருந்தாதவற்றை ஒதுக்கும் வேலைக்கு ஒருவர் பணம் கேட்டால் கொடுக்கலாம். அந்த வேலையைச் செய்யாமல் 'ஜெர்மானியம்' என்ற சொல்லை மட்டும் பெட்டியின் மேல் அச்சடித்து விற்பவருக்குக் கொடுக்கத் தேவையில்லை.

ஒலியின் வேறுபாட்டைச் சொல்வதானால், நன்கு தேர்ந்தெடுத்த ஜெர்மானியத்தில் வெட்டு சற்று மென்மையாக விழுகிறது. கிட்டாரின் வால்யூம் குமிழைக் குறைத்தால் கரகரப்பு கரைந்து, ஏறக்குறையத் தூய ஒலி மிஞ்சுகிறது. சிலிக்கான் கூடுதல் பெருக்கமும் கூர்மையும் உடையது. அதை இரைச்சல் என்று ஒதுக்குவது பொருந்தாது: ஆர்பிட்டர் நிறுவனமே 1960களின் இறுதிக்குள் பி.சி. 108 போன்ற சிலிக்கான் டிரான்சிஸ்டர்களுக்கு மாறிவிட்டது, ஹென்ட்ரிக்ஸும் இரண்டு வகையையும் பயன்படுத்தியிருக்கிறார்.

இனி நம் ஊர் வெப்பத்துக்கு வருவோம். ஜெர்மானியத்தின் கசிவு ஏறத்தாழ ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் உயர்வுக்கும் இரட்டிப்பாகும். 20 டிகிரி உள்ள ஓர் அறையில் அளந்து சீர்செய்த பெடல், மே மாதத்தில் 40 டிகிரியைத் தொடும் சென்னைப் பிற்பகலில் திறந்தவெளி மேடையில் வெயில் படும்படி கிடந்தால், அதன் கசிவு நான்கு மடங்காகும். அப்போது டிரான்சிஸ்டர்களின் இயங்குநிலை இடம் பெயர்ந்துவிடுகிறது. சுரம் நீண்டு நிற்பதற்குப் பதிலாக விட்டுவிட்டு ஒலித்து, திடீரென்று அறுந்து அடங்குகிறது. குளிரூட்டிய பயிற்சி அறையில் இனித்த பெடல் மேடையில் இருமத் தொடங்குவது இதனால்தான். பெடல் கெட்டுவிட்டது என்று எண்ணிப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனால், அவருடைய குளிர்ந்த அறையில் அது ஒழுங்காகவே வேலை செய்து உங்களைப் பொய்யராக்கும்.

ஆகவே ஜெர்மானியம்தான் வேண்டும் என்றால், இயங்குநிலையைச் சரிசெய்யும் 'பயாஸ்' குமிழ் வெளியிலேயே உள்ள பெடலாகப் பார்த்து வாங்குங்கள். வெப்பம் ஏறும்போது அதைச் சற்றுத் திருப்பி ஒலியை மீட்டுவிடலாம். அந்தக் குமிழ் இல்லாத, மிக விலை உயர்ந்த, அசலுக்கு அப்படியே நகலான பெடலைச் சென்னையில் வாங்குவது, ஆண்டில் பாதி நாள் அலமாரியில் வைப்பதற்காக வாங்குவதற்கு ஒப்பாகும். வீட்டில் குளிரூட்டிய அறையில் ஒலிப்பதிவு மட்டுமே செய்பவருக்கு இந்தக் கவலை இல்லை.

கேள்வி: மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். பிக் மஃப் வகைப் பெடல் ஒன்றை வாங்கினேன். வீட்டில் மிகப் பிரமாதமாக ஒலிக்கிறது. மேடையிலோ கீபோர்டும் ரிதம் பேடும் சேர்ந்தவுடன் என் கிட்டார் காணாமல் போகிறது. இதைவிட விலை உயர்ந்த பெடல் வாங்கினால் சரியாகுமா?
— வாசகர், வில்லிவாக்கம்

பதில்: ஆகாது. அதே வகையில் எவ்வளவு விலை கொடுத்தாலும் இதே குறை தொடரும். பிக் மஃப் சுற்றின் இறுதியில் உள்ள டோன் குமிழ், கீழ் அதிர்வெண்களையும் மேல் அதிர்வெண்களையும் கலந்து தருவது. அதன் அமைப்பினாலேயே 1,000 ஹெர்ட்ஸை ஒட்டிய நடுப்பகுதி பள்ளமாகிவிடுகிறது. தனியாக வாசிக்கும்போது அந்தப் பள்ளம்தான் ஒலியைப் பெரிதாகவும் அகலமாகவும் காட்டுகிறது. மேடையில் கீழ்ப்பகுதியை பேஸும் பேடும், மேல்பகுதியைச் சிம்பலும் கீபோர்டும் நிரப்பிவிட, கிட்டாருக்கென்று எஞ்சியிருந்த நடுப்பகுதியை உங்கள் பெடலே வெட்டி எறிந்திருக்கிறது.

முதலில் ஆம்ப்ளிஃபயரில் நடு அதிர்வெண் குமிழை உயர்த்திப் பாருங்கள். போதவில்லையெனில், நடுப்பகுதியைத் தூக்கிக் கொடுக்கும் ஓவர்டிரைவ் பெடல் ஒன்றைக் குறைந்த கெயினில் (பெருக்கத்தில்) பிக் மஃபுக்குப் பின்னே இணையுங்கள். மலிவான ஒன்றே போதும். அல்லது நடுப்பகுதி குறையாத ஃபஸ் ஃபேஸ், டோன் பெண்டர் வகைகளில் ஒன்றுக்கு மாறுங்கள்.

இன்னொன்றும் உண்டு. திரைப்பாடல்களில் வரும் நிறைவான கார்டுகளை ஃபஸ் வழியாக வாசிக்காதீர்கள். பல சுரங்கள் ஒருசேர வெட்டுப்படும்போது அவற்றின் கூட்டலும் கழித்தலுமான புதிய அதிர்வெண்கள் முளைக்கும். ச-ப போன்ற எளிய இணையில் அவை இசைந்து போகும், காந்தாரம் சேர்ந்ததும் சேறாகிவிடும். இரண்டு சுரப் பவர் கார்டோ தனி வரியோ மட்டும் வாசித்தால் கிட்டார் தெளிவாக வெளியே வரும்.

கேள்வி: பொறியியல் படிக்கிறேன். உள்ளே 11 உறுப்புகள்தான் என்றால் ரிச்சி தெருவில் வாங்கி நானே செய்துகொள்ளலாமே?
— வாசகர், கிண்டி

பதில்: தாராளமாகச் செய்யலாம், இந்தப் பக்கத்தில் வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. பி.சி. 547 போன்ற சிலிக்கான் டிரான்சிஸ்டர் சில ரூபாய்களுக்கு அண்ணா சாலையை ஒட்டிய அந்தத் தெருவில் கிடைக்கும். மின்தடையும் மின்தேக்கியும் அதைவிடக் கூடுதல் செலவு வைக்காது. உங்கள் பணத்தில் பெரும்பகுதி அலுமினியப் பெட்டிக்கும், ஒன்பது முனை கொண்ட கால்விசைக்கும், இரண்டு நல்ல ஜாக்குகளுக்கும்தான் போகும். விலை உயர்ந்த பெடலிலும் உறுப்புகளுக்கான செலவின் கதை ஏறத்தாழ இதுவே என்பதை உங்கள் கையாலேயே அறிந்துகொள்வீர்கள்.

முதலில் சாலிடர் இல்லாமல் உறுப்புகளைச் செருகிப் பார்க்கும் பிரெட்போர்டில் சுற்றை அமைத்து, இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டர் முனையில் 4.5 வோல்ட்டை ஒட்டிய மின்னழுத்தம் வருமாறு, அந்த முனையோடு இணைந்த மின்தடையை மாற்றிப் பாருங்கள். பேட்டரியின் சரிபாதியான அந்த இடத்தில் நின்றால்தான் அலை இருபுறமும் ஓரளவு சமமாக வெட்டுப்படும். சிலிக்கானில் ரேடியோ நிலையமோ உச்சக்கட்ட இரைச்சலோ நுழைந்தால், டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் கலெக்டருக்கும் இடையே ஒரு சிறிய பிகோஃபாரட் மின்தேக்கியை வையுங்கள். ஜெர்மானியம் என்று சொல்லி யாராவது விற்றால், மல்டிமீட்டரின் டயோடு சோதனையில் வைத்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்: ஜெர்மானியம் 0.2 அல்லது 0.3 வோல்ட்டை ஒட்டிக் காட்டும், 0.6-க்கு மேல் காட்டினால் அது சிலிக்கான்.

இதில் நேரம் செலவாகும், முதல் பெட்டியின் துளைகள் கோணலாகவே விழும். படிப்புக்கு இடையே அதற்கு மனமில்லையெனில், உள்நாட்டில் சிறு அளவில் பெடல் செய்து விற்போரிடம் வாங்கலாம். சுங்கமும் கப்பல் கட்டணமும் இல்லாததால் அதே கைவேலை இறக்குமதிப் பெடலைவிடக் குறைந்த விலைக்கு அமையும்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வந்த, மிக விலை உயர்ந்த ஃபஸ் ஃபேஸ் வகைப் பெடல் என்னிடம் உள்ளது. முதலில் வயர்லெஸ் ரிசீவர், பிறகு வா பெடல் (காலால் அசைத்து 'வா-வா' என்று ஒலிக்கச் செய்வது), அதன்பின் ஃபஸ் என்று இணைத்திருக்கிறேன். ஒலி கரடுமுரடாகவும் ஒல்லியாகவும் இருக்கிறது, கிட்டாரின் வால்யூமைக் குறைத்தாலும் தெளிவதில்லை. மற்றப் பெடல்களுக்கான அடாப்டரிலிருந்து மின்சாரம் கொடுத்தால் எல்லாப் பெடல்களும் அணைந்துவிடுகின்றன. பழுதானதை விற்றுவிட்டார்களா?
— வாசகர், அடையாறு

பதில்: நீங்கள் எழுதியதைப் பார்த்தால் பெடல் நன்றாகவே இருப்பதாகத் தெரிகிறது, இணைத்த முறைதான் அதற்கு ஒவ்வாதது. ஃபஸ் ஃபேஸ் சுற்றின் உள்ளீட்டு மின்மறுப்பு, அதாவது வரும் சமிக்ஞைக்கு அது காட்டும் தடை, மிகக் குறைவு. அதனால் கிட்டாரின் பிக்கப்பும் வால்யூம் குமிழும் அந்தச் சுற்றின் உறுப்புகளாகவே ஆகிவிடுகின்றன. குமிழைக் குறைத்தால் ஒலி தெளியும் அழகு அந்த நேரடி உறவிலிருந்து வருவது. இடையே வயர்லெஸ் ரிசீவரோ சமிக்ஞையை இடையில் வாங்கித் தாங்கி அனுப்பும் பஃபர் சுற்று உள்ள பெடலோ வந்துவிட்டால் அந்த உறவு அறுந்துபோகிறது. வா பெடலும் இதன் முன்னே நின்றால் தன் வீச்சை இழக்கும், சில வேளைகளில் ஊளையிடவும் செய்யும். கிட்டாரிலிருந்து கேபிள் நேராக ஃபஸுக்கு வரட்டும். வாவும் மற்றவையும் அதற்குப் பின்னே நிற்கட்டும். வயர்லெஸ்ஸை விட முடியாத மேடைகளில் பிக் மஃப் வகை இந்தத் தொல்லையைத் தராது.

அடாப்டர் விஷயத்துக்கும் விடை எளிது. பழைய முறையில் பி.என்.பி. வகை ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களோடு செய்த பெடல்களில் பேட்டரியின் நேர்முனை பெட்டியோடு இணைந்திருக்கும். மற்றப் பெடல்களில் எதிர்முனை இணைந்திருக்கும். இரண்டையும் ஒரே அடாப்டரின் கிளைகளில் மாட்டினால் கேபிள்களின் வழியாக மின்சாரம் குறுக்குச்சுற்றாகிவிடும். இந்தப் பெடலுக்கு மட்டும் 9 வோல்ட் பேட்டரி போடுங்கள். இது இழுக்கும் மின்னோட்டம் ஏறத்தாழ ஒரு மில்லியாம்பியர் என்பதால் பேட்டரி நெடுநாள் தாங்கும். வாசித்து முடித்ததும் உள்ளீட்டு ஜாக்கிலிருந்து கேபிளைக் கழற்றிவிடுங்கள், இல்லையெனில் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். எந்த நிறுவனத்தின் பேட்டரி என்பதில்கூட ஒலி மாறும் என்று எரிக் ஜான்சன் போன்ற பெரிய கலைஞர்கள் சொல்வதுண்டு. அவருடைய காதுகளோடு வாதிட எனக்குத் துணிவில்லை. உங்களுக்கும் எனக்கும் பெட்டிக்கடையில் கிடைப்பது போதும்.

கேள்வி: பல ஒலிகள் உள்ள டிஜிட்டல் கருவியில் ஃபஸ் இருக்கும்போது தனிப் பெடல் எதற்கு?
— வாசகர், தாம்பரம்

பதில்: ஹெட்ஃபோனில் பயிற்சி செய்வதற்கும், ஒரே ஒரு பாட்டில் ஃபஸ் வருவதற்கும் எதுவும் வாங்க வேண்டாம். முந்தைய பதிலில் சொன்ன, பிக்கப்போடு நேரடியாக உறவாடும் தன்மையைப் பெரும்பாலான டிஜிட்டல் கருவிகளின் உயர் மின்மறுப்பு உள்ளீடு தராது என்பதால், வால்யூம் குமிழை வைத்தே ஒலியை ஆள்பவருக்கு மட்டும் தனிப் பெடல் தேவைப்படும்.

கேள்வி: பழைய ஃபஸ் பெடல் ஒன்று புதியதன் பாதி விலைக்கு வருகிறது. விற்பவர் திருவான்மியூர்க் கடற்கரைக்கு அருகில் வசிப்பவர். எதைப் பார்த்து வாங்க வேண்டும்? எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஆம்ப்ளிஃபயரில் 'ம்ம்' என்ற இரைச்சல் வேறு இருக்கிறது.
— வாசகர், மயிலாப்பூர்

பதில்: பாதி விலை நல்ல விலைதான். உள்ளிருக்கும் மின்தடைகளும் டிரான்சிஸ்டர்களும் எளிதில் மூப்படைவதில்லை. உப்புக்காற்று தின்பது ஜாக், குமிழ், கால்விசை ஆகியவற்றைத்தான். பின்மூடியின் நான்கு திருகுகளையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பேட்டரி முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா, பேட்டரி ஒழுகி சர்க்யூட் போர்டு வரை வந்திருக்கிறதா என்று பாருங்கள். பெடலை இயக்கியபடி ஒவ்வொரு குமிழையும் முழுவதும் சுழற்றுங்கள். கறகறவென்றால் சுத்தம் செய்யும் ஸ்பிரேயில் சரியாகலாம், ஓரிடத்தில் ஒலி அடியோடு அறுந்தால் குமிழையே மாற்ற வேண்டும். கால்விசையைப் பல முறை அழுத்துங்கள். இந்த மூன்று உறுப்புகளையும் குறைந்த செலவில் மாற்றிவிடலாம் என்பதால், குறை இருந்தால் அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாமே தவிர வாங்காமல் விட வேண்டியதில்லை.

வீட்டு இரைச்சலைப் பெடல் வாங்கும் முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள். ஃபஸ், வருகிற இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும்; மலிவான பெடலும் விலை உயர்ந்த பெடலும் இதில் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். ஆம்ப்ளிஃபயரின் மூன்று முனை பிளக்கை இரண்டு முனை மாற்றியில் செருகியிருந்தால் அதை எடுத்துவிட்டு, பிளக் பாயிண்டில் எர்த் உண்மையாகவே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் சோதிக்கச் சொல்லுங்கள். இது இரைச்சலுக்கு மட்டுமன்றி உயிருக்கும் பாதுகாப்பு. பிறகு மின்விசிறி ரெகுலேட்டரையும் எல்.இ.டி. விளக்கையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். ஒற்றைச் சுருள் பிக்கப் உள்ள கிட்டார் என்றால், உட்கார்ந்த இடத்திலேயே சற்றுத் திரும்பினால் இரைச்சல் ஏறி இறங்குவது தெரியும். அது மிகக் குறையும் திசையைக் கண்டுபிடித்து, நாற்காலியை அங்கே திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.